வார்டா, ஆய்வகமா, ஊரா? புற்றுநோய் ஆய்வுக்குள் வர நினைக்கும் இளம் மருத்துவருக்கு

ஹவுஸ் சர்ஜன் முடிக்கும் பிள்ளைகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என் அறைக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், கேன்சர்ல ரிசர்ச் பண்ணணும்னு ஆசை. டி.எம். போகணுமா, பி.எச்டி. பண்ணணுமா, இல்ல யு.எஸ். போயிடணுமா?" டி.எம். என்றால் எம்.டி.க்கு மேல் படிக்கும் சிறப்புப் பட்டம். நின்றுகொண்டே ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நோயாளியையும் பார்த்து, ஆய்வும் செய்யும் மருத்துவர்கள் உலகம் முழுக்கவே குறைவு. 1979-இலேயே ஜேம்ஸ் விங்கார்டன் என்ற அமெரிக்க மருத்துவர், இவர்களை அழியும் நிலையில் இருக்கும் இனம் என்று எழுதினார். காரணம் அறிவுக் குறைவோ ஆர்வக் குறைவோ இல்லை. ஒரு மனிதருக்கு ஒரு வாரத்தில் இருக்கும் நேரம் அவ்வளவுதான். ஓ.பி.யில் நூறு பேர் காத்திருக்கும்போது, "இன்று எனக்கு ஆய்வு நாள்" என்று சொல்லி எழுந்துபோக மனம் வராது. மனம் வந்தாலும் நிர்வாகம் விடாது.

எனக்கே இது நடந்தது. டி.எம். முடித்ததும் சேர்ந்த மருத்துவமனையில் வாரத்துக்கு இரண்டு மதியங்கள் ஆய்வுக்கு என்று பேசித்தான் சேர்ந்தேன். மூன்றாவது மாதமே ஒரு மதியம் ஓ.பி. ஆனது. ஆறாவது மாதம் மற்றொன்று கீமோ டே கேர் ரவுண்ட்ஸ் ஆனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் நான் தொடங்கிய ஆய்வு ஒரு அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எந்த வழியைப் பற்றி யார் கேட்டாலும், எந்தப் பட்டம் என்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த வழியில் உங்கள் நேரத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? சம்பளம் முழுக்க நோயாளி பார்ப்பதிலிருந்து வந்தால், ஆய்வு ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிடும். கீழே சொல்லும் வழிகள் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

வார்டு வழி

எம்.டி. பொது மருத்துவம், பிறகு மூன்று வருடம் டி.எம். மருத்துவப் புற்றுநோயியல், அறுவை சிகிச்சைப் பக்கம் என்றால் எம்.எஸ்., எம்.சிஎச். இந்தப் படிப்புகள் இந்தியாவில் முதலில் தொடங்கியது 1984-இல் நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான். பெரும்பாலோர் யோசிக்கும் வழியும் இதுவே. குடும்பத்துக்குப் புரியும், வருமானம் உறுதி, ஆய்வு சரியாக அமையாவிட்டாலும் கையில் ஒரு நல்ல தொழில் இருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம், கேள்வி தானாகவே உங்களைத் தேடி வரும். வாய்ப்புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது, கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. நாக்கில் இருப்பதை எடுக்கும்போதே கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடலாமா, அல்லது பின்னால் வந்தால் பார்த்துக்கொள்ளலாமா? உலகமெங்கும் அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இதில் இரண்டு பக்கமாக நின்றார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸும் அவருடைய குழுவும் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து 2004-இல் தொடங்கினார்கள். 500 பேரின் முடிவு 2015-இல் வந்தது. முதலிலேயே கணுக்களை எடுத்தவர்களில் மூன்றாண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்; காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம். வாய்ப்புற்றுநோய் மலிந்த நாட்டில், அன்றாடம் கத்தி பிடிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது.

அதே மருத்துவமனையில் விஜய் பாட்டீல் குழு கேட்டது இன்னும் நம் ஊர்க் கேள்வி. நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை வழக்கமான அளவில் வாங்க இங்கே மிகச் சிலரால்தான் முடியும். வழக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். இவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், விலை குறைந்த வாய்வழி மருந்துகளுடன் சேர்த்து. குணமாக்க முடியாத நிலையிலிருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். எந்த மருந்துக் கம்பெனியும் தன் மருந்தைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லி ஆய்வு நடத்தாது. நோயாளி பில்லைப் பார்த்து எழுந்துபோவதைக் கண்ணால் பார்த்த மருத்துவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

இங்கே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் "எங்களிடம் ஐம்பது ட்ரயல் நடக்கிறது" என்பார்கள். பெரும்பாலும் அவை மருந்துக் கம்பெனிகள் நடத்தும் ட்ரயல்கள், அதாவது மருந்துச் சோதனைகள். கேள்வி வேறு யாருடையதோ, திட்டம் வேறெங்கோ எழுதப்பட்டது. நீங்கள் நோயாளியைச் சேர்த்து, படிவத்தை நிரப்பி, பக்கவிளைவை எழுதி அனுப்புவீர்கள். அதுவும் தேவையான வேலைதான், நல்ல ஒழுக்கத்தையும் கற்றுத்தரும். ஆனால் அதைப் பத்து வருடம் செய்தவர் ஆய்வாளர் ஆகிவிடுவதில்லை. வேலைக்குச் சேரும்போது, "இந்தத் துறையிலிருந்து சொந்தமாகக் கேள்வி எழுப்பி முடித்த ஆய்வு எது?" என்று கேளுங்கள். பதில் ஒன்றுகூட வராவிட்டால் புரிந்துகொள்ளலாம்.

ஆய்வக வழி

செல்லையும் மரபணுவையும் பிடித்துக்கொண்டு போகும் வழி. எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகோ எம்.டி.க்குப் பிறகோ நான்கைந்து வருடம் பி.எச்டி. நவி மும்பையில் டாடா மையத்தின் ஆக்ட்ரெக் என்ற புற்றுநோய் ஆய்வு மையம் போன்ற இடங்களில் வார்டும் ஆய்வகமும் அருகருகே இருக்கின்றன.

இந்த வழியின் அழகைச் சொல்ல ஒரு நோயே போதும்: நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய். 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் என்ற மருத்துவரும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளிடம் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். அது எப்படிக் குட்டையானது என்பதை 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. நான்கு பிள்ளைகளின் தாய். பல வருடம் பகுதிநேரம்தான் மருத்துவராக வேலை பார்த்தவர். குரோமோசோம் படங்களை வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் வெட்டிப் பரப்பிவைத்து ஒப்பிட்டார். 9-ஆவதும் 22-ஆவதும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பது அப்படித்தான் தெரிந்தது. அந்த மாற்றத்தால் பிறக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரையை நோயாளிகளிடம் கொண்டுபோனவர் பிரையன் டிரூக்கர், அவரும் மருத்துவர். அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 2001-இல். இன்று நம் ஊரில் அரசு மருத்துவமனை வரிசையில் நின்று அந்த மாத்திரை வாங்கி, வேலைக்குப் போய், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள்: 1960 முதல் 2001 வரை 41 வருடம், மூன்று தலைமுறை ஆய்வாளர்கள். சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்துவிட்டுப் போவதில் நிறைவு காண்பவராக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். ஒரு சோதனை ஆறு மாதம் தோற்றுக்கொண்டே இருந்தாலும் ஏழாவது மாதம் காலையில் ஆய்வகத்துக்குப் போக ஆசை வரவேண்டும். அப்படி இல்லாதவர்கள் பி.எச்டி.யைப் பாதியில் விட்டுவிட்டு, டி.எம்., எம்.சிஎச். சேர எழுதும் நீட் எஸ்.எஸ். தேர்வுக்கும் பிந்திப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கையும் அதற்குள் துருப்பிடித்திருக்கும். அடிப்படை உயிரியலில் நல்ல விஞ்ஞானி ஒருவரோடு கூட்டு சேர்ந்து, நீங்கள் மாதிரிகளையும் நோயாளியின் கதையையும் கொண்டுவருவது பலருக்கும் இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு.

ஊர் வழி

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன். புற்றுநோய் வராமல் தடுப்பது, வந்தால் தொடக்கத்திலேயே பிடிப்பது. எம்.டி. சமூக மருத்துவம், அல்லது வேறு எம்.டி. முடித்து நோய்ப்பரவியலில் பயிற்சி. சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் எம்.பி.எச். இருக்கிறது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. சமூக மருத்துவத்தைக் கல்லூரியில் எஸ்.பி.எம். என்பார்கள்; "எஸ்.பி.எம்.மா?" என்று முகம் சுளிப்பார்கள். ராங்க் நல்லா வந்தவன் ஏன் அதை எடுக்கிறான் என்பார்கள். அந்த முகச்சுளிப்பு எவ்வளவு தவறு என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

2000-இல் அங்கே ஒரு ஆய்வு தொடங்கியது. முன்னின்றவர் ரங்கசாமி சங்கரநாராயணன், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் புற்றுநோய் மருத்துவராக இருந்து, பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனவர். அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம் களத்தில் நின்றது, அடையாறு துணை நின்றது. 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்கள். கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் போன்ற ஒன்றைத் தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாக மாறினால் மேற்கொண்டு சோதனை. தேவைப்பட்டால் அங்கேயே உறையவைத்து அழிக்கும் சிகிச்சை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர், வந்தவர்கள் 31,343 பேர். 2007-இல் முடிவு வெளியானது: அந்தக் கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. நர்சுகள், ஒரு விளக்கு, ஒரு குப்பி திரவம், வீடு வீடாகப் போய்ப் பேச ஆட்கள்.

அதே சங்கரநாராயணன் திருவனந்தபுரத்தில் நடத்திய வாய்ப்புற்றுநோய் ஆய்வில் வாயைத் திறந்து பார்த்தவர்கள் மருத்துவம் படிக்காத பட்டதாரி சுகாதாரப் பணியாளர்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே மரணம் 34 சதவீதம் குறைந்தது 2005-இல் வெளியானது. வெற்றிலை, பாக்கு, புகையிலை புழங்கும் ஒரு மண்ணில் இதைவிடப் பொருத்தமான கேள்வி எது?

ஆனால் இந்த வழியைத் தேன் தடவிக் காட்ட மாட்டேன். மும்பையில் 1998-இல் தொடங்கிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள், 35 முதல் 64 வயது. கருப்பை வாய்க்கு அசிட்டிக் அமிலச் சோதனை, மார்பகத்துக்குக் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. கருப்பை வாய்ப் பக்கம் மரணம் 31 சதவீதம் குறைந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். மார்பகப் பக்கத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 20 வருட உழைப்புக்குப் பின் கிடைத்தது பாதிப் பதில்: 50 வயதைக் கடந்த பெண்களில் மரணம் சுமார் 30 சதவீதம் குறைவு, எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. முன்னின்ற இந்திரநீல் மித்ரா ஓர் அறுவை மருத்துவர். வாழ்க்கையின் இரண்டு பத்தாண்டுகளைக் கொடுத்துவிட்டு இப்படி ஒரு விடையை ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும்.

அறக் கேள்வியும் வரும். இந்த ஆய்வுகளில் சோதனை செய்யப்படாத பிரிவில் பெண்கள் இறந்தார்கள். சோதனை பயன் தரும் என்று முன்பே தெரிந்திருக்க, ஒரு பிரிவை ஏன் விட்டீர்கள் என்று பின்னால் கடுமையாகக் கேட்டார்கள். இந்தியாவில் அப்போது இந்தச் சோதனை எதுவும் வழக்கமாகக் கிடைக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஊர் வழிக்கு வருபவர் இந்தக் கேள்வியைத் தன் நெஞ்சில் சுமந்தே நடக்க வேண்டும், எதிக்ஸ் கமிட்டியிடம் கொடுத்துவிட்டு நகர முடியாது.

அரசியலும் குறுக்கே வரும். 2009-இல், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசியை மூன்று டோஸுக்குப் பதில் இரண்டு போட்டால் போதுமா என்று பார்க்க இந்தியாவில் ஓர் ஆய்வு தொடங்கியது. 2010-இல் வேறொரு தடுப்பூசித் திட்டம் பற்றி எழுந்த சர்ச்சையில் இதையும் நிறுத்தச் சொன்னார்கள். சுமார் 5,000 சிறுமிகள் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். வேறு யாராக இருந்தாலும் கோப்பைக் கட்டி வைத்திருப்பார்கள். இந்த ஆய்வை நடத்திய மருத்துவர்கள் அந்தச் சிறுமிகளை விடாமல், வருடக்கணக்கில் வீடு தேடிப் போனார்கள். சிறுமிகள் பெண்களானார்கள், கல்யாணமாகி ஊர் மாறினார்கள். 2021-இல் வந்த முடிவில், ஒரு டோஸும் மற்றவற்றுக்கு ஏறத்தாழ இணையான பாதுகாப்பைத் தந்திருந்தது. கென்யாவில் நடந்த ஆய்வும் அதே பக்கம் பேசியது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் அட்டவணையையும் ஏற்றது. ஒரு நாடு தடுப்பூசிக்குச் செலவிட வேண்டிய பணம் இதனால் எவ்வளவு குறைகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நேரக் கணக்கில் இந்த வழி மற்ற இரண்டையும்விட மேல். சமூக மருத்துவத் துறையில் வகுப்பும் முகாமும் தலைவலி தரும், ஆனாலும் ஓ.பி. உங்களை விழுங்காது. வருமானத்தில் கீழ், இதை மறைக்க வேண்டாம். கிளினிக் போட்டுச் சேர்ப்பதற்கு இதில் வழியில்லை. இன்னொரு குறையும் உண்டு. வார்டில் பிழைத்தவர் கையைப் பிடித்து நன்றி சொல்வார். திண்டுக்கல்லில் எந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் வராமல் போனது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது.

வெளிநாடு

தனி வழி என்று இதைச் சொல்ல மாட்டேன், மேலே சொன்ன மூன்றில் ஒன்றை வேறு மண்ணில் செய்வதுதான். அமெரிக்காவில் 1964 முதல் எம்.டி., பி.எச்டி. இரண்டையும் சேர்த்துப் படிக்க அரசே பணம் கொடுக்கும் திட்டம் உண்டு, சுமார் எட்டு வருடம். ஆனால் அந்தப் பணம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்க அனுமதி (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க உரிமத் தேர்வு, ரெசிடென்சி, ஃபெலோஷிப் என்று போகவேண்டும்.

பலரும் போன பிறகுதான் கவனிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். அங்கே இளம் மருத்துவர்-ஆய்வாளருக்குச் சிறந்த ஏற்பாடு கே08, கே23 என்னும் மானியங்கள். வாங்கினால் நேரத்தில் 75 சதவீதம் ஆய்வுக்கே என்பது நிபந்தனை. நான் முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை. இவையும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் போய்ப் பயிற்சி பெற்றவர் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் நாடு திரும்ப வேண்டும், அல்லது விலக்கு பெற்று மூன்று வருடம் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் முழுநேரம் நோயாளி பார்க்க வேண்டும். ஆய்வுக்கு மனம் கூர்மையாக இருக்கும் வருடங்கள் அப்படியே போய்விடும். போகிறவர்கள் எந்த விசா என்பதை, எந்த யுனிவர்சிட்டி என்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் பயிற்சிக் காலத்திலேயே 25 சதவீதம் ஆய்வு நேரம் தரும் பணியிடங்கள் இருக்கின்றன, அடுத்த படியில் 50 சதவீதம். போட்டி கடுமை, இடங்கள் குறைவு.

சரி, எதை எடுப்பது?

நோயாளியின் படுக்கை அருகில் நிற்கும்போதுதான் உங்களுக்கு மூளை வேலை செய்கிறது என்றால் வார்டு வழி. ஆனால் தனியாக ஆய்வுப் பிரிவும் புள்ளியியல் ஆளும் இருக்கும் இடத்தில் மட்டும் சேருங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும். வீட்டுக் கடன் இருக்கிறது, தங்கைக்குக் கல்யாணம் இருக்கிறது என்றாலும் இதுவே பாதுகாப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் 2008 முதல் இயங்கும், ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகளின் மருத்துவர்களுக்கான ஃபெலோஷிப்புக்கு முயலுங்கள். உங்கள் சம்பளத்தையே அது கொடுப்பதால், நேரத்தைக் கேட்டு வாங்கும் பலம் உங்களுக்கு வரும்.

எம்.டி.யில் எந்தப் பிரிவு கிடைத்தாலும் பரவாயில்லை, கணக்கில் பயமில்லை, ஊருக்குள் போய் மனிதர்களிடம் பேசப் பிடிக்கும் என்பவர் ஊர் வழிக்கு வாருங்கள். 1981-இல் இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகள் தொடங்கியபோது முதல் சில இடங்களில் சென்னையும் ஒன்று. இன்று தமிழ்நாடு முழுவதற்குமே பதிவேடு இருக்கிறது. எந்த மாவட்டத்தில் எந்தப் புற்றுநோய் ஏன் கூடுகிறது என்ற கேள்விகள் அதற்குள் காத்துக்கிடக்கின்றன, எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. என்னிடம் வரும் மூன்று பேரில் ஒருவரையாவது இந்தப் பக்கம் திருப்பிவிடப் பார்க்கிறேன்.

ஆய்வகத்தை, ஏற்கெனவே ஒரு கோடை விடுமுறையாவது பிப்பெட் பிடித்துப் பார்த்து, அது பிடித்திருந்தால் மட்டும் எடுங்கள்.

முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் இன்டர்ன்ஷிப்பில் கிடைக்கும் நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கீமோ வார்டில் உட்காருங்கள். ஒரு வாரம், கருப்பை வாய்ப் பரிசோதனை செய்யும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பக்கத்தில் நின்று, வர மறுக்கும் பெண்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு என்னைப் பார்க்க வாருங்கள், அதிலிருந்து பேசுவோம்.